ஃபோக்கர் டி.7-க்கு லாஸெஞ்ச் டீக்கல்: ஏர்பிரஷ் இல்லாமல் உருமறைப்பு

முதல் உலகப் போரின் பின்பாதியில் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகளுக்குத் துணி வந்து இறங்கும்போதே அதில் உருமறைப்பு அச்சாகியிருந்தது. நான்கு அல்லது ஐந்து நிறங்களில் பலகோணங்கள். மேல்பக்கத்துக்கு அடர்நிறத் துணி, அடிப்பக்கத்துக்கு வெளிர்நிறத் துணி. சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து டோப் (துணியை இறுக்கும் மெருகு) பூசிவிட்டால் தனியாக வர்ணம் அடிக்க வேண்டியதில்லை; எடையும் மிச்சம், நேரமும் மிச்சம். மாடல் கட்டுபவர்கள் லாஸெஞ்ச் என்று சொல்வது இதைத்தான்.

1/48 அளவில், அதாவது அசலை 48-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடலில், ஒரு பலகோணம் சில மில்லிமீட்டர்தான் வரும். ஐந்து நிறத்துக்கும் தனித்தனியாக மாஸ்க் (வர்ணம் படாமல் மறைக்கும் துண்டு) வெட்டி, இறக்கையின் மேலும் கீழுமாக ஏர்பிரஷ்ஷால் அடித்து முடிப்பது நடக்கிற காரியமில்லை. முடித்தாலும் ஒவ்வொரு கோணத்தின் ஓரத்திலும் வர்ணத் திட்டு ஏறி நிற்கும். அதனால் இந்த ஒரு உருமறைப்புக்கு டீக்கலை, அதாவது தண்ணீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் அச்சுப் படலத்தை, சோம்பேறி வழி என்று யாரும் சொல்ல முடியாது. அசலும் அச்சடித்த பொருளை ஒட்டியதுதான். தொழிற்சாலையில் துணியை எப்படி வெட்டிப் போட்டார்களோ, அப்படியே டீக்கலையும் வெட்டிப் போட வேண்டும் என்பதுதான் கீழே வரும் எல்லா வேலைக்கும் அடிப்படை.

எந்த விமானம், எந்தத் தொழிற்சாலை

பழகுவதற்கு ஃபோக்கர் டி.7 போல வேறொன்று கிடையாது. 1918 வசந்தத்தில் போர்முனைக்கு வந்த ஜெர்மன் சண்டை விமானம். அந்த ஆண்டு நவம்பரில் எழுதிய போர்நிறுத்த ஒப்பந்தம், ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் இதைப் பெயர் சொல்லியே கேட்டது. நமக்கு முக்கியமான விஷயம் வேறு: இறக்கைகளுக்கு நடுவே இழுவைக் கம்பிகள் கிடையாது, உடற்பகுதி பெட்டி மாதிரித் தட்டை. இரட்டை இறக்கை விமானம் என்றதும் வரும் பயத்தில் பாதி இங்கேயே போய்விடும். 1/48-ல் எட்வார்ட், ரோடன் இரண்டு நிறுவனங்களும் கிட் வெளியிட்டிருக்கின்றன.

டி.7-ஐ மூன்று இடங்களில் கட்டினார்கள்: ஷ்வெரினில் ஃபோக்கர், யோஹானிஸ்தாலில் ஆல்பட்ராஸ், ஷ்னைடெம்யூலில் ஓ.ஏ.டபிள்யூ. எனப்படும் கிழக்கு ஜெர்மன் ஆல்பட்ராஸ். எது என்று தீர்மானிக்காமல் டீக்கல் வாங்கக் கூடாது. ஃபோக்கரின் ஆரம்ப விமானங்களில் இறக்கைக்கு மட்டும்தான் லாஸெஞ்ச். உடற்பகுதியில் பச்சை வர்ணத்தைக் கோடுகோடாகத் தூரிகையால் இழுத்திருப்பார்கள். ஓ.ஏ.டபிள்யூ. விமானங்களின் இன்ஜின் மூடித் தகடுகளில் ஊதாவும் பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கும். நான்கு நிறத் துணியா ஐந்து நிறமா என்பதும் விமானத்துக்கு விமானம் மாறும். நீங்கள் கட்டப்போகும் குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெட்டி மேல் இருக்கும் ஓவியத்தை நம்ப வேண்டாம்.

எவ்வளவு டீக்கல் வேண்டும்

அசல் துணியின் அகலம் சுமார் 135 செ.மீ. அதை 48-ஆல் வகுத்தால் 28 மி.மீ. டீக்கல் தாளில் அச்சாகியிருக்கும் பட்டையின் அகலமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

டி.7-இன் மேல் இறக்கை முனைக்கு முனை 8.9 மீட்டர், 1/48-ல் 185 மி.மீ. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 1.6 மீட்டர், அதாவது 33 மி.மீ. துணியை முன்பின்னாக, விலாக்களுக்கு (இறக்கையின் முன்பின்னாக ஓடும் சட்டங்களுக்கு) இணையாகப் போட்டிருந்தால் 185-ஐ 28-ஆல் வகுத்து ஏழு துண்டுகள். ஒவ்வொன்றும் 33-உடன் இரு பக்கமும் 2 மி.மீ. சேர்த்து 37 மி.மீ. நீளம். ஆக 259 மி.மீ. பட்டை. கீழ் இறக்கை 145 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 29 மி.மீ., மொத்தம் 174. அடர்நிறத்தில் இவ்வளவு, வெளிர்நிறத்திலும் இவ்வளவு. உடற்பகுதிக்கும் லாஸெஞ்ச் என்றால் பக்கங்களுக்கும் முதுகுக்குமாக அடர்நிறத்தில் ஏறத்தாழ 300 மி.மீ. வரும், அடிவயிற்றுக்கு வெளிர்நிறத்தில் 100 போதும். வாலிறக்கையையும் சேர்த்து, கிழிசலுக்கு இருபது சதவீதம் கூட்டினால் அடர்நிறம் ஒரு மீட்டர், வெளிர்நிறம் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில விமானங்களில் துணியை இறக்கையின் நீளவாக்கில் போட்டிருந்தார்கள். அப்போது 33 மி.மீ. அகலத்தை ஒரு பட்டை மூடாது; பின்விளிம்பு ஓரமாக 5 மி.மீ. அகலத்தில் இன்னொரு பட்டை ஓடும். மாடலில் இது துல்லியமாகத் தெரியும் என்பதால் விட்டுவிடக் கூடாது. முதல் தடவை செய்பவர்கள் முன்பின்னாகப் போட்ட விமானத்தையே தேர்ந்தெடுங்கள். 37 மி.மீ. துண்டு கெட்டுப்போனால் இன்னொன்று வெட்டலாம். 190 மி.மீ. நீளத் துண்டு தண்ணீரில் முறுக்கிக்கொண்டால் அதோடு போயிற்று.

சாமான்கள்

11-ஆம் எண் பிளேடு போட்ட கத்தி. டீக்கல் வேலைக்குப் புது பிளேடே வேண்டும், பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரும்பு ஸ்கேல், முனை தட்டையான இடுக்கி, 2-ஆம் எண் மென்மையான பிரஷ், காது பட்ஸ், தையல் ஊசி, 1000 எண் உப்புத்தாளை ஐஸ் குச்சியில் ஒட்டியது ஒன்று.

திரவங்கள் இரண்டு வகை. மைக்ரோ செட் ஒட்டுவதற்கு முன் தடவுவது. வினிகர் வாசனை அடிக்கும், பரப்பில் டீக்கல் நன்றாகப் பிடிக்க உதவும். மைக்ரோ சோல் ஒட்டிய பிறகு மேலே தடவுவது. படலத்தை இளக்கி மேடுபள்ளத்தோடு படியச் செய்யும். மிஸ்டர் மார்க் செட்டர், மிஸ்டர் மார்க் சாஃப்டர் ஜோடியும் இதே வேலையைச் செய்யும். செட்டுக்குப் பதில் வெள்ளை வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து சமாளிக்கலாம். சோலுக்கு மாற்றாகச் சமையலறையில் எதுவும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. போர்வெல் தண்ணீரில் ஊறப்போட்டால் காய்ந்த பிறகு அடர்நிற லாஸெஞ்சின் மேல் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக நிற்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் பத்து மாடலுக்கு வரும்.

பரப்பைத் தயார் செய்தல்

இறக்கைகளை உடற்பகுதியில் பூட்டாமல் தனித்தனியாக வைத்தே டீக்கல் ஒட்ட வேண்டும். எய்லரான்கள் (விமானத்தைச் சாய்க்க, பின்விளிம்பில் அசையும் பகுதிகள்) மேல் இறக்கையில் மட்டும்தான் இருக்கின்றன. அவை தனித் துண்டாக வந்தால் தனியாகவே ஒட்டுங்கள். ஆனால் இறக்கையின் துண்டும் எய்லரானின் துண்டும் ஒரே பட்டையிலிருந்து தொடர்ச்சியாக வெட்டியவையாக இருக்கட்டும்.

கிட்டில் விலாக்கள் தூக்கலாக இருந்தால் 600 எண் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துத் தணித்துவிடுங்கள். விலா மேடு உயரமாக இருந்தால் அதன் இரு பக்கமும் டீக்கல் கூடாரம் கட்டிக்கொண்டு நிற்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவிட்டு, வெள்ளை பிரைமர் ஸ்பிரே. சாம்பல் பிரைமர் வேண்டாம். லாஸெஞ்ச் டீக்கலின் மை பெரும்பாலும் ஓரளவு ஒளி ஊடுருவுவது. அடியில் சாம்பல் இருந்தால் வெளிர்நிறப் பக்கம் அழுக்குத் துணி போல ஆகிவிடும். பிளாஸ்டிக் கிட் இரண்டு நிறத்தில் வந்திருந்தாலோ புட்டி வைத்திருந்தாலோ, அந்தத் திட்டும் அப்படியே மேலே தெரியும். அதனால் அடித்தளம் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். துணி சற்றுப் பழுத்துத் தெரிய வேண்டுமென்றால் வெள்ளைக்குப் பதில் வெளிர் மணல் நிறம் அடிக்கலாம்.

அதன் மேல் கிளாஸ் கோட், அதாவது பளபளப்பான தெளிந்த பூச்சு. ஏர்பிரஷ் இல்லாதவர்கள் தாமியா டி.எஸ்-13 ஸ்பிரேயைப் பயன்படுத்தலாம், 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லியதாக மூன்று தடவை, இடையில் 15 நிமிடம். கடைசிக் கோட்டுக்குப் பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. பிரஷ்ஷால் பூசுவதென்றால் எக்ஸ்-22-இல் அதற்குரிய தின்னரைக் கலந்து இளக்கி, அகலப் பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் ஜன்னல் கம்பியின் நிழல் பரப்பில் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் இன்னொரு கோட். மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் ஒட்டினால் சொரசொரப்பின் குழிகளில் காற்று தங்கி, டீக்கலுக்கு அடியில் வெள்ளி பூசியதுபோல் மினுக்கும். இதற்கு மாடல் உலகில் சில்வரிங் என்று பெயர். பெரிய பரப்பு முழுக்க டீக்கல் ஓடும் இந்த வேலையில் அது வந்துவிட்டால் மறைக்க இடமே இல்லை.

வெட்டுதல்

டிரேசிங் தாளில் இறக்கையின் வடிவத்தை வரைந்து, 28 மி.மீ. இடைவெளியில் கோடு போடுங்கள். நடுக்கோட்டில் ஒரு துண்டின் மையம் விழுகிறதா, இரண்டு துண்டின் சேர்க்கை விழுகிறதா என்பதைப் புகைப்படத்தில் பார்த்து முடிவு செய்யலாம். தெரியவில்லை என்றால் மையத்திலிருந்து ஆரம்பியுங்கள். மிச்ச அகலம் இரு முனைக்கும் சமமாகப் போய்விடும்.

எல்லாத் துண்டிலும் வடிவம் ஓடும் திசை ஒன்றாக இருக்கட்டும். வெட்டும்போதே தாளின் பின்பக்கம் பென்சிலால் அம்புக்குறியும் எண்ணும் போடுங்கள். அடுத்தடுத்த துண்டுகளின் பலகோணங்கள் சேர்க்கையில் ஒத்துப்போக வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். தொழிற்சாலையில் துணிச்சுருளை வந்தபடி வெட்டினார்கள். சட்டைத் தையல்காரர் கட்டம் பொருத்துவது போல யாரும் பொருத்தவில்லை. ஆனால் ஏழு துண்டும் ஒரே இடத்தில் ஆரம்பித்தால் இறக்கையின் நீளத்துக்கும் அதே நிறம் வரிசையாக ஓடி, குளியலறை டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள்.

பட்டையில் அச்சுக்கு வெளியே வெற்றுப் படலம் இருந்தால் அதை முழுக்க வெட்டி நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் சேர்க்கையில் கண்ணாடி ஓரம் ஒன்று நிற்கும்.

ஒட்டுதல்

அடிப்பக்கம் முதலில். வெளிர்நிறத் துண்டு முன்விளிம்பின் நடுவரை வரட்டும். பிறகு மேல்பக்கத்து அடர்நிறம் அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் ஏறி முடியட்டும். மாற்றிச் செய்தால் அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏறி, அடியிலிருக்கும் நிறம் கறையாகத் தெரியும்.

முதல் துண்டுக்கு முன் ஒரு சோதனை. தாளின் ஓரத்தில் ஒரு மூலையை வெட்டி, பழைய பிளாஸ்டிக் துண்டில் ஒட்டி, மேலே சோல் தடவி அரை மணி நேரம் பாருங்கள். சுருங்கித் திரும்ப நிமிர்ந்தால் சரி. உருகினால் அந்தத் திரவம் உங்கள் டீக்கலுக்கு ஆகாது. தண்ணீரிலேயே சுக்குநூறாக உடைந்தால் தாள் பழையது. மேலே மைக்ரோஸ்கேல் லிக்விட் டீக்கல் ஃபிலிம் ஒரு கோட் பூசி, காயவைத்து, பிறகு வெட்டுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். கோடைக்காலத்தில் விசிறிக்கு அடியில் செட் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். டீக்கல் பாதி இடத்தில் பிடித்துக்கொண்டு நகராது.

வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கும் சூடு. துண்டைப் பதினைந்து நொடி முக்கி எடுத்து, டிஷ்யூ தாளின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை முழுக்கக் கரைந்துபோகும். அந்த ஒரு நிமிடத்தில் இறக்கையில் அந்தத் துண்டுக்குரிய இடத்தில் செட் தாராளமாகத் தடவுங்கள். விரலால் தள்ளிப் பார்த்து டீக்கல் தாளின் மேல் வழுக்கினால் தயார். தாளோடு இறக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தாளை இடுக்கியால் பிடித்து இழுத்து, டீக்கலை ஈரப் பிரஷ்ஷால் நிறுத்துங்கள். டீக்கலை இடுக்கியால் பிடித்துத் தூக்க வேண்டாம்.

டிரேசிங்கைப் பார்த்து இறக்கையில் லேசாகப் போட்ட பென்சில் கோட்டோடு ஓரத்தைச் சேருங்கள். அடுத்த துண்டு இதன் மேல் அரை மில்லிமீட்டர் ஏறலாம். அசலில் அங்கே தையல் ஓடியது, அதனால் மெல்லிய மேடு தெரிந்தால் தப்பில்லை. இடைவெளி விட்டால்தான் வெள்ளைக்கோடு தெரிந்து மானம் போகும். நிலை சரியான பிறகு ஈரமான பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும். தண்ணீரும் காற்றும் வெளியேறிவிடும்.

பத்து நிமிடம் கழித்து சோல், பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. அடுத்த சில நிமிடங்களில் டீக்கல் முழுக்க வயதான தோல் மாதிரி சுருங்கும். புதிதாகச் செய்பவர்கள் பதறிப்போய் விரலை வைப்பது இந்த இடத்தில்தான். தொடாதீர்கள். அந்த நேரத்தில் படலம் கூழாக இருக்கிறது. தொட்டால் கிழியும், விட்டுவிட்டால் தானாக நிமிர்ந்து விலாக்களின் மேல் படிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து எங்காவது இன்னும் தூக்கியிருந்தால் இரண்டாவது தடவை. அதற்கும் மசியாத குமிழியை ஊசியால் குத்தி, அந்தத் துளையில் ஒரு துளி சோல்.

ஒன்று விட்டு ஒன்றாக ஒட்டுவது நல்லது: முதலில் 1, 3, 5, 7, அவை காய்ந்த பிறகு 2, 4, 6. பக்கத்துத் துண்டைத் தள்ளும்போது ஏற்கெனவே ஒட்டியது நகராது. ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை என்று கணக்கு வைத்தால் இரண்டு இறக்கைக்கு நான்கு மாலை.

பின்விளிம்பு

டி.7-இன் பின்விளிம்பு நேர்கோடு இல்லை. அசலில் அது கம்பி. டோப் காய்ந்து துணி இறுகும்போது விலாவுக்கு விலா உள்வாங்கி, வரிசையான வளைவுகள் விழுந்தன. இந்த மெல்லிய வளைந்த ஓரத்தில் டீக்கலை மடித்து ஒட்ட முயன்றால் ஒவ்வொரு முனையிலும் கிழியும். கத்தியால் வெட்டினாலும் ஓரம் பிசிறும்.

2 மி.மீ. வெளியே நீட்டியபடியே காயவிடுங்கள், ஒரு இரவு முழுக்க. மறுநாள் உப்புத்தாள் குச்சியை ஓரத்தில் 45 பாகை சாய்த்து, மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். ஒவ்வொரு இழுப்பும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இழுப்பில் நீட்டியிருக்கும் படலம் வளைவின் வடிவத்திலேயே நூலாகப் பிரிந்து விழும். கீழிருந்து மேலாக ஒரு முறை இழுத்தாலும் டீக்கல் உரிந்து வந்துவிடும். அடிப்பக்கத்துக்கு இறக்கையைத் திருப்பி வைத்து இதையே செய்யுங்கள். ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்த்தால் பச்சையும் காவியும் கலந்த வர்ணத்தைப் பிரஷ் நுனியில் தொட்டு இழுத்தால் மறையும்.

விலா நாடாக்கள்

ஒவ்வொரு விலாவின் மேலும் ஒரு துணி நாடா ஒட்டியிருந்தார்கள். அது லாஸெஞ்ச் துணியிலிருந்தே கிழித்ததாக இருக்கலாம், வெளிர்நீலமாக இருக்கலாம், ரோஜா நிறமாகவும் இருக்கலாம். நீலமோ ரோஜாவோ என்றால் விமானத்தின் முகமே மாறிவிடும், அதனால் இங்கேயும் புகைப்படம்தான் சாட்சி. 1/48-ல் 0.8 மி.மீ. அகலம் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. இரண்டு பிளேடுகளை நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்துச் சேர்த்துக் கட்டினால், ஒரே இழுப்பில் ஒரே அகலத்தில் வெட்டலாம்.

நாடாவை ஒட்டுவதற்கு முன் லாஸெஞ்சின் மேல் மெல்லிய கிளாஸ் கோட் ஒன்று. இது இல்லாமல் நாடாவுக்குச் சோல் தடவினால் அடியில் இருப்பதும் மறுபடி இளகும். நாடாவை நேராக்கக் கையால் இழுக்காதீர்கள்; ரப்பர் மாதிரி நீண்டு, காய்ந்ததும் சுருங்கி, முனையில் குறைந்துபோகும். தண்ணீர் நிறைய விட்டு மிதக்கவைத்து, பிரஷ்ஷால் விலாவின் மேல் தள்ளுங்கள்.

சிலுவையும் வெள்ளையும்

1918 மார்ச்சில் வளைந்த இரும்புச் சிலுவைக்குப் பதில் நேர்ப்பட்டைச் சிலுவை உத்தரவானது. டி.7 போர்முனைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான் என்பதால் நேர்ப்பட்டைச் சிலுவையே இதற்குப் பொருத்தம். இதன் வெள்ளை ஓரத்தில் அடியிலிருக்கும் பலகோணங்கள் தெரிவது பெரிய தலைவலி. சிலுவைத் தாளில் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுங்கள். ஒரு பிரதிதான் என்றால் சிலுவையின் வடிவத்தை மாஸ்க்கிங் டேப்பில் வெட்டி, ஓரத்தைவிட அரை மில்லிமீட்டர் உள்ளடங்கலாக வெள்ளை வர்ணம் மெல்லியதாக இரண்டு கோட் அடித்து, அதன் மேல் ஒட்டுங்கள்.

உடற்பகுதியும் சக்கரமும்

தட்டையான பக்கம் என்பதால் உடற்பகுதி சுலபம். அடிவயிறு முதலில், பிறகு இரு பக்கங்கள், கடைசியில் முதுகு. வால் பக்கம் குறுகிக்கொண்டே போவதால் முதுகுத் துண்டை டிரேசிங் வைத்துத்தான் வெட்ட வேண்டும். தகட்டு மூடிகளுக்கு டீக்கல் கிடையாது, அவை வர்ணம்.

சக்கர மூடி கூம்பு வடிவம். வட்டமான டீக்கலை அப்படியே வைத்தால் ஓரம் சுருங்கும். வட்டத்தில் மையத்திலிருந்து ஓரம் வரை ஒரு வெட்டு போட்டு, இரண்டு நுனியும் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறும்படி வையுங்கள். அச்சின் மேல் இருக்கும் சிறு இறக்கைக்கு ஒரே துண்டைச் சுற்றிவிடலாம்.

நிறத்தை அடக்குதல்

ஒட்டி முடித்த லாஸெஞ்ச் புதுச் சேலை மாதிரிப் பளபளக்கும். ஒன்றரை அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் மாடலுக்கு அந்த முறைப்பு ஆகாது. மேலே ஒரு பாதுகாப்பு கிளாஸ் கோட் அடித்து 24 மணி நேரம் காயவிடுங்கள். இங்கே டி.எஸ்-13-ஐ எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். நனையும்படி அடித்தால் அதன் கரைப்பான் டீக்கலைச் சுருட்டிவிடும். முதல் இரண்டு தடவை தூரத்திலிருந்து வெறும் தூசி மாதிரி விழட்டும்.

பிறகு பர்ன்ட் அம்பர் எண்ணெய் வர்ணத்தைக் கடுகளவு எடுத்து, வாசனையில்லாத டர்பன்டைனில் தேநீரைவிட வெளுத்த நிறத்துக்குக் கரைத்து, அகலப் பிரஷ்ஷால் இறக்கை முழுக்க ஒரே பூச்சு. பலகோணங்களின் முறைப்பு குறைந்து, எல்லா நிறமும் ஒரே துணியின் நிறங்களாகச் சேர்ந்துகொள்ளும். விலா நாடாவின் ஓரத்திலும் கொஞ்சம் தங்கும், அது வேண்டியதுதான். இரண்டு நாள் காய்ந்த பிறகு அரை மினுக்கக் கோட், டி.எஸ்-79 போன்றது. டோப் பூசிய துணிக்கு முழு மேட் பொருந்தாது.

பூட்டுதல்

கேபேன் தாங்கிகளும் (மேல் இறக்கையை உடற்பகுதியோடு இணைப்பவை) இறக்கைகளுக்கு நடுவிலான என் வடிவத் தாங்கிகளும் போகும் துளைகள் இப்போது டீக்கலுக்கு அடியில் இருக்கும். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் குழியைக் கண்டுபிடித்து, ஊசியால் குத்தி, துளையைச் சுற்றியுள்ள படலத்தைக் கத்தி நுனியால் சுரண்டி எடுங்கள். டீக்கலின் மேல் பசை போட்டால் ஒட்டுவது தாங்கிக்கும் டீக்கலுக்கும்தான். ஒரு தட்டுக்கு மொத்தமாக உரிந்து வரும். பிளாஸ்டிக் சிமென்ட் வழிந்தால் டீக்கலைக் கரைக்கும். ஊசி முனையில் தொட்ட சயனோ பசை அல்லது ஐந்து நிமிட எபாக்ஸி நல்லது.

வந்துவிட்ட கோளாறுகளுக்கு

காய்ந்த பிறகு தெரியும் சில்வரிங்: அந்த இடத்தில் ஊசியால் நெருக்கமாகக் குத்தி சோல் தடவி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. நான்கு தடவைக்கும் மசியவில்லை என்றால் அந்தப் பலகோணத்தை மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத் தாளிலிருந்து அதே பலகோணத்தை வெட்டி ஒட்டுங்கள். லாஸெஞ்சில் ஒட்டுப்போடுவது யார் கண்ணுக்கும் தெரியாது, இது அதன் பெரிய சௌகரியம்.

ஒட்டி இரண்டு நாளில் ஓரம் தூக்கினால் பசை போய்விட்டது என்று பொருள். அக்ரிலிக் கிளாஸைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, ஓரத்துக்கு அடியில் பிரஷ்ஷால் விட்டு, பட்ஸால் அமுக்குங்கள்.

மேலே பழுப்புக் கறை காய்ந்திருந்தால் அது பிதுங்கி வந்த பசை. ஒவ்வொரு மாலை வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் இது வராது. கோட் அடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டில் அச்சடிப்பது

டீக்கலுக்கான வெற்றுத் தாள் தனியாகக் கிடைக்கிறது. வடிவத்தை நீங்களே 28 மி.மீ. அகலத்துக்கு வரைந்து, கலர் லேசரில் அச்சடிக்கக் கொடுக்கலாம். இந்த வேலைக்குச் சாதாரண பிரின்டரின் பலவீனம் பெரிதாக வராது: பிரின்டரால் வெள்ளையை அச்சடிக்க முடியாது, லாஸெஞ்சிலோ வெள்ளையே இல்லை. அடியில் வெள்ளை அடித்தளம் இருக்கிறதல்லவா, தெளிந்த தாளிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். இன்க்ஜெட் என்றால் மை தண்ணீரில் கரையும். அச்சடித்து ஒரு நாள் காயவைத்து, அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே மெல்லியதாக மூன்று தடவை அடித்து, இன்னொரு நாள் விட்டு, பிறகே தண்ணீரில் போட வேண்டும். கடையில் வாங்கும் டீக்கலைவிட இந்தப் படலம் தடிமன். 1/48-க்குப் பரவாயில்லை, 1/72-ல் விலாக்கள் அமுங்கிவிடும்.

டீக்கல் எங்கே ஒத்துவராது

இந்த முறை பிடித்துப்போய் இரண்டாம் உலகப் போர் மெஸ்ஸெர்ஷ்மிட் 109-இன் பக்கவாட்டுத் திட்டுகளுக்கும் டீக்கல் தேடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அங்கே அசல் விமானத்திலேயே ஸ்பிரே துப்பாக்கியால் அடித்த ஓரம் மங்கிய திட்டுகள். அச்சில் அந்த மங்கல் புள்ளிகளாக உடைந்து தெரியும், உருண்ட உடலில் பெரிய துண்டும் படியாது. அதற்கு ஏர்பிரஷ்தான், அது இல்லையென்றால் உலர்ந்த பிரஷ்ஷால் குத்துவது டீக்கலைவிட நன்றாக வரும்.

ஓரம் கத்தி மாதிரி வெட்டியிருக்கும் உருமறைப்பு என்றால் கதை வேறு. உக்ரைன் விமானப்படை சு-27-களின் சாம்பல் நிறச் சதுரப் புள்ளி உருமறைப்பு டீக்கலுக்கென்றே பிறந்தது போல. அங்கே அளவுகோல் துணியின் அகலம் இல்லை, தகட்டுக் கோடுகள். ஒவ்வொரு துண்டும் ஒரு தகட்டுக் கோட்டில் முடியும்படி வெட்டி, சேர்க்கையைக் கோட்டுக்குள் விழவைத்து, சோல் தடவி, காய்ந்த பிறகு கோட்டின் வழியே பிளேடு நுனியை ஒருமுறை ஓட்டி, இன்னொரு தடவை சோல் விட்டால் படலம் கோட்டுக்குள் இறங்கிவிடும். அடித்தளமாக நான்கு சாம்பல்களில் மிக வெளிர்ந்ததை அடித்துவிட்டால் ஒரு நிறத்துக்கு டீக்கலே வேண்டியதில்லை.